மூன்றாவது பெயருக்கு நான் சொன்ன பதில்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பதினொரு பேருக்கும் ஸ்டெல்லா எழுதுவது.

பழைய ஆட்கள் ஆளுக்கு நாலு பக்கம் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். பிரஷர் பட்டையை எப்படிப் பத்திரமாக வைப்பது, சிக்னல் இல்லாத தெருவில் டேப்பை என்ன செய்வது, நாய் உள்ள வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது, எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் அதைப் படிக்காவிட்டாலும் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். நான் எழுதப்போவது அப்படி வராது.

எனக்கு இருபத்தேழு வயது. ஒன்பதாவதோடு நின்றவள். இந்த மாதிரி புத்தி சொல்லும் எழுத்தை ரிட்டயர் ஆனவர்கள்தான் எழுதுவார்கள். நானும் ஒரு விதத்தில் அப்படித்தான். ஏழு வருஷம் நடந்த ரூட்டை விட்டுவிட்டு, நானே கேட்டு மாற்றல் வாங்கி இங்கே வந்து நாலு மாசம் ஆகிறது. நான் சொல்வது பழைய இடத்தில் நடந்தது. வலங்கைமான் பக்கம் என்பதற்கு மேல் ஊர் சொல்ல மாட்டேன். பெயர்கள் எல்லாம் மாற்றியவை. இதில் வருகிற ஒவ்வொருவரிடமும் அவரவர் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர்கள் சரி என்ற பிறகுதான் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். இறந்துபோனவளிடம் கேட்க முடியாது. அவள் அம்மாவிடம் கேட்டேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வீடு வீடாகப் போகிறோம், பிரஷர், சுகர் பார்க்கிறோம், மாசாமாசம் மாத்திரை கொடுக்கிறோம், எல்லாவற்றையும் கையிலிருக்கும் டேப் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். ஏற்றியது டேப்போடு நிற்காது. நம் தெருவில் ஏற்றியதைத் தஞ்சாவூரிலும் திறக்கலாம், நாகப்பட்டினத்திலும் திறக்கலாம். திறப்பதற்கு நோயாளியின் போனுக்கு ஆறு எண் வரும். அதைச் சொன்னால்தான் திறக்கும். இது வரைக்கும் ட்ரெய்னிங்கில் உண்டு. ஊர் மட்டும் ட்ரெய்னிங்கில் கிடையாது.

சம்பா அறுப்பு முடிந்ததும் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். பெண்ணைப் பற்றியும் பையனைப் பற்றியும் விசாரிப்பார்கள். முன்பெல்லாம் டீக்கடையில், ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்து ஆயாவிடம் கேட்பார்கள். இப்போது நம்மைக் கேட்கிறார்கள். ஒரு பெண்ணின் உடம்பு நம் பையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்தவளை வெள்ளைச் சட்டைக்காரர்கள் தேடி வந்து ‘நீ சொன்னா போதும்மா’ என்றால் யாருக்குத்தான் இருக்காது?

ஒரு தை மாசம் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயசு இருக்கும், மரியாதையான ஆள்.

"நீதானேம்மா வீட்டுக்கு வீடு வந்து பிரஷர் பாக்குற பொண்ணு?"

"ஆமாங்க."

"அக்கா மவனுக்குப் பொண்ணு பாக்குறோம். பையன் சிங்கப்பூர்ல இருக்கான். இந்த ஊர்ல மூணு எடம் சொன்னாங்க. குணம், குடும்பம் எல்லாம் நாங்க விசாரிச்சுக்குவோம். உடம்புக்கு ஏதும் இருக்கான்னு மட்டும் நீ சொல்லிட்டீன்னா போதும்."

பாக்கெட்டிலிருந்து மடித்த தாளை எடுத்தார். மூன்று பெயர். முதல் பெயரை வாசித்தார்.

"நல்ல பொண்ணுங்க. ஒண்ணும் கிடையாது" என்றேன்.

இரண்டாவது பெயர்.

"அதுவும் தங்கம். தலைவலின்னுகூட மாத்திரை வாங்குனதில்ல."

மூன்றாவது பெயரை வாசித்தார். சுகன்யா.

தடுமாறவில்லை என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"அதெல்லாம் நாங்க வெளியில சொல்லக்கூடாதுங்க. ரூல்ஸ் இருக்கு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாளை மடித்தார். "சரிம்மா, புரிஞ்சிருச்சு. நீ நல்லாயிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பஸ் ஏறினேன். ஒரு வார்த்தைகூட விடாமல் காப்பாற்றிவிட்டோம் என்று ஜன்னலோரத்தில் சந்தோஷமாக உட்கார்ந்து போனேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

சுகன்யா யார் என்று சொல்கிறேன். என் வயசுதான். ப்ளஸ் டூ முடித்தவள், தையல் தைப்பாள். அப்பா திருப்பூரில் வேலை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். அம்மாவும் தங்கை அபிநயாவும் அவளும் வீட்டில். என் ரூட்டில் சரியாக நடுவில் அவள் வீடு. மத்தியானச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். நான் படி ஏறினாலே ஆரம்பித்துவிடுவாள்.

"கலெக்டர் வந்துட்டாங்க, நாற்காலி போடும்மா."

"போடி."

"பையை அங்க வைக்காதே, துணி அழுக்காகும். ஊர் நோயெல்லாம் அதுலதான் இருக்கு."

அவளுக்குப் பத்தொன்பது வயசில் ஒரு நோய் வந்தது. என்ன நோய் என்று நீங்கள் கேட்பீர்கள். எழுத மாட்டேன். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எல்லாரையும் போல இருக்கலாம், அந்த வகை. அவள் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் முழுசாகச் சொல்லவில்லை. வீட்டில் இருந்த ஒரே போனை அபிநயா பாடத்துக்கு வைத்திருந்ததால், மெசேஜ் வந்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று சுகன்யாவின் கணக்கில் என் போன் நம்பரைப் போட்டுவிட்டேன். போன் இல்லாத கிழவிகள் பலருக்கும் அப்படித்தான் போட்டிருந்தேன். பாதித் தெருவின் மெசேஜ் என் போனுக்குத்தான் வரும். நீங்களும் இதைச் செய்வீர்கள். செய்யாதீர்கள் என்றால் கேட்க மாட்டீர்கள், மேலே படியுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் நடந்து நாலு நாள் கழித்து சாப்பாட்டுத் தூக்கோடு போனேன். சுகன்யா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சிங்கப்பூர்காரங்க வேணாம்னுட்டாங்க" என்றாள்.

"ஏன்டி?"

"அவரு உன்கிட்ட வந்தாரா?"

"வந்தாரு. நான் ஒண்ணுமே சொல்லல. மாதா சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல."

"தெரியும். எனக்கு முன்னாடி வேற யாரையும் கேட்டாரா?"

"ரெண்டு பேரைக் கேட்டாரு."

"அவளுங்களுக்கு என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன். உண்மைதானே?"

"எனக்கு?"

"ரூல்ஸ் இருக்கு, சொல்லக்கூடாதுன்னு…"

அங்கேயே நின்றுவிட்டேன். அவள் மெஷினை நிறுத்தினாள். சிரித்தாள். கோபத்தில் சிரிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏன்டி, அவளுங்க ரெண்டு பேருக்கு இல்லாத ரூல்ஸ் எனக்கு மட்டும் எங்கேருந்துடி வந்துச்சு?"

கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தேன்.

"நீ என்னன்னு சொல்லித் தொலைச்சிருந்தாகூட அந்த ஒரு நோயைத்தான் பேசுவாங்க. இப்ப என்னன்னு தெரியாம இருக்கிற நோயையெல்லாம் எனக்கு வச்சுப் பேசுவாங்க."

பேசினார்கள். அடுத்த வாரத்திலிருந்து ரவிக்கை தைக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். அளவு கொடுக்க அவள் கை பட வேண்டுமே. இதைத்தான் நான் சம்பாதித்துக் கொடுத்தேன்.

அவள் ஒரு நாள் சொன்னாள்: "அழிச்சிரு. என் பேரு அந்த டேப்ல இருக்கக் கூடாது."

அப்படிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. விலகிக்கொள்கிறேன் என்றால் விலக்கிவிட வேண்டும், அதற்கு டேப்பில் இடமும் உண்டு. அன்று சாயங்காலம் ஊர் சுகாதார சப் சென்டரில் உட்கார்ந்து அவள் பக்கத்தைத் திறந்தேன். மேலேயே சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு ஊசியின் பெயரைப் போட்டு, இவருக்கு இதைப் போடக் கூடாது என்று இருந்தது. மயங்கி வருகிறவர்களுக்கு முதலில் எடுக்கிற ஊசிகளில் அது ஒன்று. தஞ்சாவூர் டாக்டர் சொல்லி நான்தான் அந்த வரியை ஏற்றியிருந்தேன். விரலை அழிக்கிற பட்டன் மேலே வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் டேப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் அவளிடம் போய், "அழிச்சிட்டேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

ஒரு மாசம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் என் தூக்கைத் திறந்து பார்த்து, "தெனமும் இந்தப் புளிச்சாதத்தைத் தின்னா உனக்குத்தான் நோய் வரும்" என்று சொல்லி அவள் குழம்பை ஊற்றினாள். அதுதான் மன்னிப்பு. மாத்திரையை டேப்பில் ஏற்றாமல் கையில் கொடுப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம் போகக் கிளம்பினாள். அபிநயாவுக்குப் பரீட்சை என்று அம்மா வீட்டில் இருந்துவிட்டார். தனியாகப் போனாள். காலை பத்தரை மணி இருக்கும், நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். போனில் ஆறு எண் வந்தது. யாருடைய கணக்கு என்று பார்க்கக் கையைத் துடைப்பதற்குள் புது நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"இந்த நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"யாருங்க நீங்க?"

"நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிங்க. பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்துட்டாங்கன்னு ஒரு பொண்ணைக் கொண்டாந்திருக்காங்க. பர்ஸ்ல இருந்த ஆதார் அட்டையைப் போட்டா உங்க நம்பர் வருது. சீக்கிரம் சொல்லுங்க."

"பேரு என்ன போட்டிருக்கு?"

"சுகன்யா."

எண்ணை யாரிடமும் சொல்லாதே, போலீஸ் என்று சொன்னாலும் சொல்லாதே என்பது நமக்கு முதல் நாள் பாடம். பெயர் யாருக்கும் தெரியும். அவளுக்கு இரண்டாவதாக ஒரு இடம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. அந்த வீட்டிலிருந்து யாராவது நர்ஸ் மாதிரி பேசினால்? போன தடவை என் வாயால் அவள் பட்டது போதாதா? இன்னொரு பக்கம், உண்மையாகவே அவள் அங்கே கிடந்தால், நான் யோசிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த ஊசி பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது.

"என்ன உடுத்தியிருக்காங்க?"

"ஏங்க, இதையெல்லாமா கேப்பீங்க? பச்சை சுடிதாரு."

பச்சை சுடிதார் ஊரெல்லாம் இருக்கிறது. அப்போதுதான் தோன்றியது.

"அந்த சுடிதார்ல பாக்கெட் இருக்கா, பாருங்க."

"என்னது?"

"பாக்கெட்டுங்க. சைடுல. கையை விட்டுப் பாருங்க."

போனில் துணி உரசும் சத்தம் கேட்டது.

"இருக்குங்க. ரெண்டு பக்கமும் இருக்கு. ஏன்?"

ஊருக்கே சுடிதார் தைத்தாலும் பாக்கெட் வைத்து அவள் தைப்பது தனக்கு மட்டும்தான். "பொம்பளைக்குன்னா பாக்கெட் வைக்க மாட்டாங்களாமா?" என்பாள். ஆறு எண்ணையும் சொன்னேன். அதோடு, "சிவப்புல ஒரு வரி இருக்கும், அதை மொதல்ல படிங்க" என்று கத்தினேன். போன் அந்தப் பக்கம் எங்கேயோ வைக்கப்பட்டது. "டாக்டர், அந்த ஊசி வேணாமாம், இதுல போட்டிருக்கு" என்று தூரத்தில் கேட்டது. அப்புறம் கட்டாகிவிட்டது.

அவள் அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. சுகன்யா கண் விழித்துப் படுத்திருந்தாள். டாக்டர் அவள் அம்மாவிடம், "கம்ப்யூட்டர்ல எல்லாம் இருந்ததும்மா, அதான் பொழைச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். சுகன்யா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா டீ வாங்கப் போனதும் கேட்டாள்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியே?"

நான் கட்டில் கம்பியைப் பார்த்தேன்.

"வாயைத் தொறடி."

"பொய் சொன்னேன்."

"உசுரைக் காப்பாத்திட்டே. அதுக்கு உன் கால்ல விழணும். பொய் சொன்னதுக்கு உன்னைச் செருப்பால அடிக்கணும். எதை மொதல்ல செய்யட்டும்?"

"மொதல்ல எழுந்து உக்காரு."

சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"அழிக்கிறேன், ஆனா இந்த ஊசி பேரை ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்கன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? இதை அழிச்சா இப்படி ஆகும்னு ஒரு தடவை எடுத்துச் சொல்லியிருந்தா, நானே வேணாம் இருக்கட்டும்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கும் மூளை இருக்குன்னு உனக்குத் தோணவே இல்லையாடி?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. பஸ் ஸ்டாப்பில் செய்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. பிழைத்துவிட்டாளே, அப்புறம் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நல்லபடி முடிந்த பொய்யை விடுவது கஷ்டம். அடுத்த வீட்டிலும் சொல்லத் தோன்றும். எனக்கு அடுத்த வீடு வருவதற்குள் இவள் பிடித்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளே முடிவு சொன்னாள். பெயர் இருக்கட்டும். நம்பர் அவளுடையதாக மாற வேண்டும், அதற்கென்று ஒரு சின்ன போன் வாங்கிக்கொண்டாள். அவள் மயங்கிக் கிடந்தால் எண்ணைச் சொல்ல அபிநயா இருப்பாள். தங்கையிடம் நோயைத் தானே உட்கார வைத்துச் சொன்னாள். பள்ளிக்கூடம் போகிற பெண் தாங்குமா என்று அம்மாவும் நானும் பயந்தோம். அபிநயா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இத்தனை நாளா ஏன்க்கா சொல்லல?" நான் அந்த வாரமே மற்ற எல்லோருடைய கணக்கிலிருந்தும் என் நம்பரை எடுத்தேன். போன் இல்லாதவர்களிடம், "உங்க வீட்டுல யாருக்குத் தெரிஞ்சா பரவாயில்ல?" என்று கேட்டு அந்த நம்பரைப் போட்டேன். ஒரு பாட்டி மகனை விட்டு மருமகள் நம்பரைச் சொன்னார். யாரிடம் சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

அப்புறம் எனக்குப் பயிற்சி ஆரம்பித்தது. அப்பாவின் சட்டையைச் சுடிதார் மேல் போட்டுக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்து, சுகன்யா குரலைத் தடிப்பாக்கிக் கேட்பாள்.

"ஏம்மா, இந்த சுகன்யான்னு ஒரு பொண்ணு, எப்படி?"

"நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க."

"பத்தாது. அப்படின்னா ஏதோ இருக்குன்னுதான் நெனைப்பேன்."

"நல்லா இருக்கறவங்களைப் பத்தியும் சொல்றதில்லைங்க."

"ஆங், அது. சரி, தலைவர் பொண்ணு?"

"நல்லா இருக்கறவங்களைப் பத்தியும் சொல்றதில்லைங்க."

"உங்க வீட்டு ஆடு?"

"நல்லா இருக்கற…"

"பாஸ்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனால் வெளியே அது சிரிப்பாக இல்லை. நோய் உள்ளவர்கள் யாரும் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கிறவர்கள்தான் கோபித்தார்கள். அந்தத் தாளில் முதல் பெயராக இருந்த பெண்ணின் அம்மா தெருவில் நிறுத்திக் கேட்டார்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னா உன் வாயில முத்தா உதுந்துரும்? போன வருஷம் சொன்னேல்ல?"

"போன வருஷம் தப்பு பண்ணிட்டேங்க."

"கல்லாட்டம் இருக்குற பொண்ணுக்கு உன்னால பேரு கெடுது!"

வாங்கிக்கொண்டேன். எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. ஒன்றும் இல்லாதவர்களுக்காக வாயை மூடினால்தான், இருக்கிறவர்களுக்காக மூடியது வெளியே தெரியாது. இரண்டு வருஷத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. "அதுகிட்ட கேக்காதே, அது சொல்லாது" என்று அவர்களே வெளியூர்க்காரர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

போன ஐப்பசியில் சுகன்யா இறந்துபோனாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், ஒரு மழை நாளில். யார் மேலும் தப்பில்லை. கம்ப்யூட்டரில் அவள் பக்கத்தில் எல்லாம் பதிவாகியிருந்தது, டாக்டர்கள் எல்லாவற்றையும் படித்தார்கள், முடிந்ததைச் செய்தார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் நோய் முற்றிவிட்டது. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். கடைசியாக என்னிடம் பேசியது, "மெஷினுக்கு எண்ணெய் விடச் சொல்லு அபிகிட்ட, துருப்பிடிச்சிரும்" என்பது. வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

ஒருவர் இறந்தால் டேப்பில் நாம்தான் போட வேண்டும். போடாவிட்டால் மாசாமாசம் போக வேண்டிய வீடுகளில் அந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கும். எனக்குப் போட முடியவில்லை. கார்த்திகையில் வந்தது, மார்கழியில் வந்தது. சூப்பர்வைசர் மேடம் போனில், "ஸ்டெல்லா, ஒரு வீடு பாக்கி காட்டுதே" என்பார். "போறேன் மேடம்" என்பேன். போவேன். மாத்திரை இல்லாத பையோடு போய் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு வருவேன். தையில் அவள் அம்மாவே கேட்டார்.

"இன்னும் எடுக்கலையாம்மா?"

"எடுத்துட்டேம்மா."

"நீ பொய் சொன்னா உன் மூஞ்சியில தெரியும்னு அவ சொல்லுவா. எதை அமுக்கணும், காட்டு."

காட்டினேன். அவர்தான் அமுக்கினார். நான் ஏன் மாற்றல் கேட்டேன் என்று இதற்கு மேல் யாரும் கேட்காதீர்கள்.

மாற்றல் வருவதற்குள் மாசியில் அபிநயாவுக்கு ஒரு இடம் வந்தது. பையனின் அம்மா தானே விசாரிக்க வந்தார். ஊர்க்காரர்கள் சொல்லியும் கேட்காமல் சப் சென்டருக்கே வந்துவிட்டார்.

"சின்னவளைப் பத்தி ஒண்ணும் கேக்கலம்மா. பெரியவ இந்த வயசுல போயிருக்கா. அவளுக்கு என்ன? அது பரம்பரையா வர்றதா? அதை மட்டும் சொல்லு."

எனக்குப் பதில் தெரியும். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை. அந்த வார்த்தை எது என்று இங்கேயும் எழுத மாட்டேன். அபிநயா எனக்கும் தங்கைதான். அவளுக்கு எது உதவுமோ அதைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. அக்காவும் இல்லை, இந்த இடமும் என்னால் போக வேண்டுமா?

"நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க. நல்லா இருக்கறவங்களைப் பத்தியும் சொல்றதில்ல."

"செத்துப்போனவளுக்கு என்னம்மா ரகசியம்?"

"அவங்க அம்மா இருக்காங்க. அவங்களைக் கேளுங்க. சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம்."

"வக்கீலாட்டம் பேசுறியே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் அபிநயா வந்து நின்றாள். "ஏதாவது ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்கலாமேக்கா. நீங்களும் எனக்கு யாரோதானா?" என்றாள். மறுநாள் அவள் அம்மா தானே பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. புதன்தோறும் சப் சென்டரில் மாத்திரை கொடுப்போம். கூட்டம் முடிகிற நேரத்தில் அதே அம்மா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாரும் போகும்வரை காத்திருந்து பக்கத்தில் வந்தார்.

"எங்க ஊர்லயும் உன்னாட்டம் ஒரு பொண்ணு பையைத் தூக்கிக்கிட்டு வருது. என் நாத்தனார் மவ. அவ தெருவுக்குள்ள வந்தாலே நான் கதவைச் சாத்திக்குவேன்."

"ஏங்க?"

"எனக்கும் ஒண்ணு இருக்கு. பல வருஷமா கடையில மாத்திரை வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கேன். இப்ப முடியல." குரலைத் தாழ்த்தினார். "இங்க ஏத்துனா தஞ்சாவூர் டாக்டரு பாக்கலாமாமே?"

"பாக்கலாங்க. உங்க போனுக்கு வர்ற எண்ணை நீங்க சொன்னாத்தான் பாக்க முடியும்."

"எம் பையனுக்குத் தெரியுமா?"

"நீங்க சொன்னாத்தான் தெரியும்."

என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"அபிநயாவுக்கு?"

அந்த வீட்டுக்கு வாழப்போகிறவள். நான் சோறு தின்ற வீட்டுப் பெண். உடனே பதில் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவரும் அவசரப்படுத்தவில்லை.

"சொல்ல மாட்டேங்க."

அவர் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு கையை மேஜை மேல் நீட்டினார். நான் பட்டையைச் சுற்றினேன்.

"போன் நம்பர் சொல்லுங்க. உங்களோடதுதான் வேணும்."

சொன்னார்.

கல்யாணம் வருகிற ஆவணியில். இரண்டு வீட்டிலிருந்தும் எனக்குத் தனித்தனியாகப் பத்திரிகை வந்திருக்கிறது.